தறிக்குழியில் தெளிந்த தண்ணீர்!

"யா அல்லாஹ்…!"

அந்த அலறல் மருதமுனையின் மூன்று சந்து ஒழுங்கைகளுக்குக் கேட்டது.

1956. கார்த்திகை மாதம். காலை ஏழு மணி. மூன்று நாள் விடாமல் கொட்டிய மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

அலறியவள் ஜுனைதா. வயது இருபத்தெட்டு. முதல் நாள் மத்தியானம், பிள்ளை பெற்றிருந்த தங்கையைப் பார்க்கச் சாய்ந்தமருதுக்குப் போனாள். மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். காலையில் முதல் பஸ் பிடித்துத் திரும்பினால்… வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

புருஷனைக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

தறி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

நெசவாளி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிப்பதற்காகத் தறிக்குக் கீழே ஒரு குழி இருக்கும். தறிக்குழி என்பார்கள். அவள் புருஷன் அபுல் ஹஸன் அந்தக் குழிக்குள்தான் இருந்தான்.

கால் இருக்க வேண்டிய இடத்தில் தலை இருந்தது!

இழுத்துப் புரட்டினாள். உடம்பு விறைத்திருந்தது. தாடி முழுக்கச் செம்மண் சேறு. மூக்கில் சேறு. வாய்க்குள்ளும் சேறு.

மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள் சட்டென்று நிறுத்தினாள்.

அவள் கண் குழிக்குப் போயிருந்தது.

குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மாரி காலத்தில் கடற்கரை மணலில் தானாக ஊறுகிற ஊற்றுத் தண்ணீர். கண்ணாடி மாதிரித் தெளிவு! அடியில் கிடந்த இரண்டு மிதிக்கட்டைகளும் பளிச்சென்று தெரிந்தன. அவன் தாடியிலிருந்து கரைந்த சேறு மட்டும் ஓர் ஓரமாய்ப் புகை போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

தெளிந்த தண்ணீரில் மூழ்கியவன் வாய்க்குள் சேறு எப்படி வந்தது?

வெள்ளை மணல் ஊரில் செம்மண்ணுக்கு எங்கே போவது? ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பக்கத்து வளவுக்கு!

*

பக்கத்து வளவு கச்சிமுகம்மதுப் போடியாருடையது. ஊருக்குப் பெரிய வயல்காரர். நடந்தால் நிலம் அதிர வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. தாய்க்கு ஒரு வீடு, மகளுக்கு ஒரு வீடு. ஆண்பிள்ளை அங்கே மாப்பிள்ளையாய் வந்து இருக்கிறவன்தான், எத்தனை பெரிய போடியாராக இருந்தாலும்! மகள் நதீராவுக்குத் தை மாதம் கலியாணம். அதற்காகப் போடியார் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

கட்டட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் கட்டிய விதம்!

வளவில் ஒரு புல் விடாமல் செதுக்கினார். கிறவல் என்கிற செம்மண் சரளையை வெளியூரிலிருந்து நாற்பது வண்டி கொண்டு வந்து வேலியோரம் மலையாய்க் குவித்தார். மூன்று அடி நிலத்தை உயர்த்தினார். சரியாக மாரி தொடங்கும்போது அத்திவாரம் வெட்டினார். மழைத் தண்ணீர் போகிற ஒழுங்கையை மறித்துக் கல்லைக் கொட்டினார்.

மழை வந்தது. கிறவல் கரைந்தது. செந்தண்ணீர் நேரே அபுல் ஹஸனின் தறிக்குழிக்குள் இறங்கியது!

மூன்று தடவை. தறியில் ஏற்றிய பாவு நூல் முழுக்கச் சிவப்பு. நெய்த சாரன் லுங்கி அத்தனையும் கறை.

நாலு நாளைக்கு முன்னால் வேலியடியில் நடந்த பேச்சு ஜுனைதாவின் காதில் இன்னும் இருந்தது.

"போடியார், உங்கட கிறவல் தண்ணி என்ட தறிக்குழிக்குள்ள வருது."

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போகும் ஹஸன். அல்லாஹ்ட மழைக்கு நான் என்ன செய்ற?"

"மழ அல்லாஹ்ட. கிறவல் உங்கட!"

போடியார் முகம் கறுத்துப் போனது.

அபுல் ஹஸன் திரும்பி நடந்தான். மண்வெட்டியை எடுத்தான். தன் பக்கத்து வேலியோரம் ஒரு வரம்பு கட்டினான். அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கி, மேலே மணல் போட்டு மிதித்து இறுக்கினான். நேற்றுக் காலையில்தான் வேலை முடிந்தது; குழியில் கிடந்த செந்தண்ணீரையும் இறைத்துக் கழுவிவிட்டான். அதற்குப் பிறகு அடித்த மழையில் ஒரு சொட்டுச் செந்தண்ணீர் இந்தப் பக்கம் வரவில்லை.

அதுதான் குழி தெளிந்திருந்தது!

கொன்றவனுக்குக் குழியை இறைத்தது தெரியவில்லை. இருட்டில், குழி வழமை போலச் சிவப்பாய் இருக்கும் என்று நினைத்து உடம்பைப் போட்டுவிட்டான்.

"புள்ள… ஜுனைதா… என்ன நடந்த?"

வாசலில் குரல். ஊர்ச் சனம் கூடிவிட்டது. முன்னால் நின்றவர் போடியார்!

"இழுப்பு வருத்தக்காரன்… தனிய உட்டுட்டுப் போகலாமா புள்ள?" என்று, அபுல் ஹஸனுக்கு எப்போதாவது வருகிற வலிப்பைச் சொல்லி அனுதாபமாய் உள்ளே வந்தவர் குழியைப் பார்த்தார்.

தெளிந்த தண்ணீரைப் பார்த்தார்.

ஒரு கணம்தான். அவர் முகத்தில் இரத்தம் வற்றியதை ஜுனைதா பார்த்துவிட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மையித்தத் தூக்குங்க! நேரத்தோட அடக்கணும்!" என்று போடியார் சத்தம் போட்டார்.

*

எல்லாம் மின்னல் வேகத்தில் நடந்தது.

மரண விசாரணைக்கு வந்தவர் போடியாருக்கு வேண்டியவர். வாசலில் நின்றபடியே "இழுப்பு வந்து நீரில் மூழ்கி…" என்று எழுதிவிட்டு, ஒரு கோப்பை பிளேன்டி குடித்துவிட்டுப் போனார்.

மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் ஜுனைதாவின் தம்பி றஊபும் ஒருவன். குளிப்பாட்டி முடித்ததும் நேரே அக்காவிடம் வந்தான்.

"ராத்தா… மச்சான்ட மூக்கால, வாயால செங்கிறவல் வந்துகிட்டே இருந்திச்சி. எத்தின தண்ணி ஊத்தியும் நிக்கல்ல."

"ஆருக்கும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

அடக்கத்துக்கு ஜனாஸா புறப்பட்டது. பெண்கள் ஜுனைதாவுக்கு வெள்ளைச் சீலை உடுத்தி உள்ளறையில் இருத்தினார்கள். குறுக்கே ஒரு வெள்ளைத் திரை தொங்கியது.

இத்தா!

நாலு மாதம் பத்து நாள். அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. வெளியே இறங்கக் கூடாது. இது விதவையின் மார்க்கக் கடமை. அவள் மறுக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் கொதித்தாள். கொன்றவன் வெளியே வெற்றிலை மென்றுகொண்டு திரிகிறான்… நான் மட்டும் உள்ளேயா? அவனைத் தூக்குமேடையில் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது!

மறுநாள் றஊப் கல்முனைப் பொலிசுக்குப் போய் இன்ஸ்பெக்டர் குணத்தைக் கூட்டி வந்தான்.

குணம் காரைதீவுக்காரர். நாற்பது வயது. அதிகம் பேச மாட்டார், மீசைதான் பேசும். திரைக்கு வெளியே நின்று முழுக் கதையையும் கேட்டார். தறி அறைக்குப் போய் வந்தார். வேலியோரம் ஒரு சுற்று நடந்தார்.

"தங்கச்சி… குழித் தண்ணி தெளிவா இருந்ததெண்டு சொன்னீங்க?"

"ஓம் ஐயா."

"இப்ப சிவப்பா இருக்கு."

குணம் வேலிப் பக்கம் கையைக் காட்டினார்.

"வரம்பு உடைஞ்சு செந்தண்ணி உள்ளுக்கு வந்திருக்கு. ஆனா தண்ணி உடைச்சதில்ல. நான் வயல்காரன்ட மகன். தண்ணி உடைச்சா வாய் அகண்டு கரை கரைஞ்சு கிடக்கும். இது மண்வெட்டியால வெட்டின வெட்டு. பொச்சுமட்டை ரெண்டாப் பிளந்து கிடக்கு."

"நேத்து அடக்கம் நடக்கக்குள்ள மையவாடியில போடியாரக் காணல்ல ஐயா!" என்றான் றஊப்.

"அப்ப புடிங்க!" திரைக்குள்ளிருந்து குரல் சீறியது.

"என்னத்தைக் காட்டிப் பிடிக்கிறது? ஊரில நூறு மண்வெட்டி இருக்கு."

"கபுறத் தோண்டிப் பாருங்க. தொண்டைக்குள்ள கிறவல் இருக்கு!"

"இருக்கும். குழிக்குள்ளயும் இப்ப கிறவல் இருக்கு. ரெண்டும் ஒண்டுதானே எண்டு நீதவான் கேப்பார். நான் என்ன சொல்லுறது?"

"அவர்ட வாயால ஒத்துக்க வைங்க!"

குணம் பெருமூச்சு விட்டார்.

"பொலிஸ்காரனுக்கு முன்னால ஒத்துக்கிட்டா அது கோட்டில செல்லாது தங்கச்சி. சட்டம் அப்பிடி. ஊராக்கள் காதால கேட்டாத்தான் செல்லும்."

திரை இலேசாய் அசைந்தது.

"எத்தின பேர் கேக்கணும் ஐயா?"

"ரெண்டு பேர் கேட்டாக் காணும். ஏன்?"

"சும்மாதான் கேட்டன்."

சும்மா கேட்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். குணம் நம்பவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

*

"வரம்பத் திரும்பக் கட்டு!" என்றாள் ஜுனைதா.

"எத்தின அடி ராத்தா?"

"மச்சான் கட்டினதப் போல ரெண்டு மடங்கு. அடியில பொச்சுமட்ட. வெளிப்பக்கம் கம்பு அடி. ஒரு சொட்டு இஞ்சால வரப்படா!"

றஊப் கட்டினான். மழை திரும்பவும் பிடித்தது. இந்தத் தடவை ஏழு நாள்!

போடியாரின் செந்தண்ணீருக்கு இப்போது போக்கிடம் இல்லை. இந்தப் பக்கம் வரம்பு. அந்தப் பக்கம் ஒழுங்கையில் போடியாரே கொட்டிய கல். தண்ணீர் என்ன செய்யும்? அத்திவாரக் குழிக்குள்ளேயே குடியிருந்தது. நெஞ்சளவு எழும்பியிருந்த சுவர் ஒரு பக்கம் சாய்ந்தது. எட்டாம் நாள் ஆள் நுழையும் அளவுக்கு வெடிப்பு!

ஜுனைதா திரைக்குள் இருந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அவளுக்கு இனித்தது. ஒளிப்பானேன், தேனாய் இனித்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள். "ஊடு முடியாட்டி காவின் இல்ல" என்று கலியாணத்தை நிறுத்திவைத்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் நாள், போடியாரின் வீட்டைக் கட்டுகிற மேசன் மக்கீன் தூது வந்து திரைக்கு வெளியே நின்றான்.

"ஜுனைதா… உன்ட வளவால ஒரு வாய்க்கால் உடச் சொல்லிப் போடியார் கேக்கிறாரு."

"ஒழுங்கையில கிடக்கிற கல்ல நகத்தினாத் தண்ணி தோணா ஓடைக்குப் போய்க் கடல்ல சேருமே மக்கீன் காக்கா?"

"அத நான் மாரிக்கு முன்னமே சொன்னன். சுத்திவர வாய்க்கால் வெட்டுவம், கிறவலுக்கு ஓலக் கிடுகு போட்டு மூடுவம், ஒரு மூலையில கிடங்கு வெட்டிச் சேற்ற அடைய உட்டுத் தெளிஞ்ச தண்ணிய வெளிய உடுவம் எண்டன். 'நீ கல்லு வெக்கிற வேலய மட்டும் பாரு'ண்டாரு. இப்ப கல்லெல்லாம் சேத்துக்குள்ள புதைஞ்சி போச்சி. மழ நிக்காம நகத்த ஏலா."

"அப்ப அவர வரச் சொல்லுங்க. வியாழக்கிழம, அஸருக்குப் பொறகு. தனிய!"

மக்கீன் போனதும் ஜுனைதா தம்பியை அழைத்து இரண்டு வேலை சொன்னாள். ஒன்று கல்முனையில். மற்றது என்ன என்று கேட்காதீர்கள், இப்போது சொல்வதற்கில்லை.

*

வியாழக்கிழமை. அஸர் தொழுகை முடிந்திருந்தது. மழை பொத்துக்கொண்டு ஊற்றியது.

போடியார் குடையை மடக்கி வாசலில் சாத்தினார். திரைக்கு முன்னால் ஒரு கதிரை. உட்கார்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. தூரத்தில் வேலியடியில் றஊப் மட்டும் நனைந்தபடி மண்வெட்டியோடு நின்றான். அங்கே எதுவும் கேட்காது.

"சொல்லு புள்ள. வாய்க்காலுக்கு என்ன வேணும்? தறி வாங்கித் தாறன். ஊட்டுக்கு ஓடு போட்டுத் தாறன்."

"ஒண்டும் வேணா. ஒரே ஒரு கேள்விக்கு மறுமொழி வேணும்."

"என்ன கேள்வி?"

"என்ட மாப்புள கடைசியா என்ன சொன்னாரு?"

போடியாரின் கை கதிரைப் பிடியை இறுக்கியது.

"அது… எனக்கென்னண்டு தெரியும்?"

"உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"என்ன புள்ள உளர்றாய்?"

"குழித் தண்ணி தெளிவா இருந்திச்சி போடியார். நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தன். சொல்லுங்க. சொன்னா இந்த நிமிசமே றஊபுக்கிட்டச் சொல்லி வரம்ப வெட்டுறன். சொல்லாட்டி உங்கட மத்தச் சுவரும் உழும்."

மழை கூரையில் இரைந்தது.

போடியார் யோசித்தார். உள்ளே இருப்பது யார்? இத்தாவில் இருக்கிற ஒற்றைப் பெண். வெளியே வர முடியாது. வந்து சொன்னாலும் சாட்சி இல்லை. அந்தப் பக்கம் நாற்பது வண்டிக் கிறவலும் மகளின் கலியாணமும் மூழ்கிக்கொண்டிருக்கின்றன…

குரலைத் தாழ்த்தினார்.

"கொல்லணுமெண்டு போகல்ல புள்ள. மஃரிபுக்கு இருட்டுற நேரம். நல்ல மழ. அத்திவாரத்துக்குள்ள தண்ணி நிறைஞ்சி கிடந்திச்சி. ஏண்டா மறிச்சாயெண்டு கேட்டுக் கூப்பிட்டன். வந்தான்."

"வந்து?"

"'போடியார், அத்திவாரத்துக்குள்ள தண்ணி நிண்டா உங்கட மகள்ட ஊடுதான் உழும். பாவம், நதீரா வாழ வேண்டிய ஊடு. மம்பட்டியக் கொண்டாங்க, நானே வாய்க்கால் வெட்டித் தாறன்' எண்டான்."

திரைக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம். போடியார் அதை ஜுனைதாவின் அழுகை என்று நினைத்தார்.

"அதுதான் கடைசிக் கதையா?"

"ஓம். ஒரு நெசவுகாரன் எனக்குப் பாடம் சொல்றதா? கோவம் வந்திச்சி. புடரியில புடிச்சி அத்திவாரக் குழிக்குள்ள அமத்தினன். 'நீ மறிச்ச தண்ணிய நீயே குடிடா' எண்டன். கொஞ்ச நேரம்தான்… கை உட்டாப் பொறகு எழும்பல்ல."

"பொறகு தூக்கி வந்து தறிக்குழிக்குள்ள போட்டீங்க."

"வேற என்ன செய்ற?"

கடைசி மூச்சு வரைக்கும் அடுத்தவன் மகளுக்காக இரங்கிய மனிதன்! அந்தத் தாடியை, அந்தச் சேறு நிறைந்த வாயை நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். குரலை மட்டும் நடுங்க விடவில்லை.

"றஊப்! வரம்ப வெட்டு!"

வேலியடியில் மண்வெட்டி விழுந்தது. செந்தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. சொன்ன சொல்லை அவள் காப்பாற்றிவிட்டாள்!

போடியார் எழும்பினார். இப்போது அவர் உதட்டில் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

"நல்ல புள்ள. இனி இத ஆருக்கிட்டச் சொன்னாலும் நம்ப மாட்டானுகள். மாப்புள மௌத்தான துக்கத்தில மூள கொழம்பிப் போச்செண்டுதான்…"

விருட்!

திரை ஒரு பக்கமாய் இழுபட்டது.

போடியாரின் சிரிப்பு பாதியில் செத்தது.

உள்ளே இருந்தது ஒரு பெண் அல்ல. பத்துப் பெண்கள்!

வியாழக்கிழமைகளில் இத்தா வீட்டில் கூடி யாசீன் ஓதுவது அந்தத் தெருப் பெண்களின் வழக்கம். முன்வாசலால் வர மாட்டார்கள். பின்வேலியில் ஆள் நுழையும் கடப்பால் வந்து அதாலேயே போவார்கள். ஊரிலுள்ள பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆண்களோ, சோறு எங்கே என்று கேட்பார்களே தவிர, சோறு போடுகிறவள் எங்கே போனாள் என்று கேட்க மாட்டார்கள்! போடியாரும் ஆண்தானே? றஊப் வீடு வீடாய்ப் போய், ராத்தா எல்லாரையும் கட்டாயம் வரச் சொன்னாள் என்று அழைத்ததும் அவர் காதுக்கு எட்டவில்லை. "ஒரு ஆள் வந்து கதைச்சிட்டுப் போகும் வரைக்கும் மூச்சுக் காட்டாதீங்க" என்று ஜுனைதா கேட்டிருந்தாள். வந்த ஒன்பது பேரும் மூச்சுக் காட்டவில்லை. இதைவிடப் பெரிய அதிசயம் இந்தக் கதையில் வேறு இல்லை.

திரையை இழுத்தவள் நதீரா. அவர் மகள்! கண்ணீர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"வாப்பா… அந்த மனிசன் எனக்காகவா வாப்பா பாவப்பட்டாரு? அவரப் போயா…"

முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால், வாய்க்குள் திணித்த சீலைத் தலைப்பை மெதுவாக எடுத்துக்கொண்டு நின்றவள் ஹாஜறா. போடியாரின் மனைவி!

"ஹா… ஹாஜறா? நீ… இஞ்ச…?"

வாசலில் சப்பாத்துச் சத்தம். ஒழுங்கை முனையில் மழைக்குள் காத்திருந்த குணம், இரண்டு பொலிஸ்காரர்களோடு உள்ளே வந்தார்.

"போடியார், கதை முடிஞ்சுதா? நான் ஒண்டும் கேக்கல்ல. நான் கேட்டாச் செல்லாது."

போடியார் சுதாரித்துக்கொண்டார். வழக்காடிப் பழகிய மனிதர் அல்லவா? நெஞ்சை நிமிர்த்தினார்.

"எனக்கும் சட்டம் தெரியும் இன்ஸ்பெக்டர் ஐயா! புருசனுக்கு எதிராப் பொஞ்சாதி சாட்சி சொன்னாக் கோட்டில செல்லாது!"

"உண்மைதான். ஆனா மத்த ஒன்பது பேர்ட சாட்சியும் செல்லுமே?"

போடியாரின் நெஞ்சு இறங்கியது. விலங்கு மாட்டினார்கள். ஜுனைதா திரைக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்திருந்தாள். எழும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டாள். அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

போடியார் கடைசி முயற்சியாக மனைவியின் பக்கம் திரும்பிக் கெஞ்சினார்.

"ஹாஜறா… நீ ஒண்டும் கேக்கல்லெண்டு சொல்லு புள்ள. நீ சொன்னா மத்தவளுகளும் அடங்கிருவாளுகள். வா… ஊட்ட போவம்."

ஹாஜறா சீலையைச் சரிசெய்தாள். குரலை உயர்த்தவில்லை.

"என்ட கதை கோட்டில செல்லாதுதான். ஊட்டில செல்லும். ஊடு என்ட! உங்கட சாரன் நாலையும் மக்கீன்ட குடுத்தனுப்புறன்… பொலிஸில வாங்கிக்கோங்க!"